வளையம் இருக்கும் பக்கம்

கொழும்பில் என் அலுவலக அறையில், கதிரைக்குப் பின்னால் உள்ள சுவரில், ஒரு பிரம்பு வளையம் தொங்குகிறது. தலையை நுழைத்துத் தோளில் மாட்டிக்கொள்ளக்கூடிய அளவு. கீழ்ப்பக்கத்தில் தோலால் தைத்த சிறிய பை ஒன்று இருக்கிறது. அதன் வார் இற்றுப்போனதால் சப்பாத்து நூலால் கட்டி வைத்திருக்கிறேன். மேற்பக்கத்தில் நிறம் போன ஒரு துணித்துண்டு முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகள், நான் சின்ன வயதில் இடுப்பில் போட்டுச் சுழற்றிய வளையமா என்று கேட்பார்கள். ஒருவர் அது இறால் வலையின் வாய் என்று அடித்துச் சொன்னார். நான் மறுப்பதில்லை. உண்மையைச் சொல்லத் தொடங்கினால் தேநீர் ஆறிவிடும்.

அது ரயில்காரருடைய சாமான். வடக்குப் பாதை ஒற்றைத் தண்டவாளம். இரண்டு ஸ்ரேசன்களுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் போகலாம். அதற்கு அத்தாட்சியாக ஒரு உலோக வில்லையை இந்தத் தோல் பையில் போட்டு, வளையத்தோடு சாரதியிடம் நீட்டுவார்கள். வில்லை கையில் இல்லாத சாரதி, பாதை வெறுமையாகக் கிடப்பதைத் தன் கண்ணாலே கண்டாலும் வண்டியை நகர்த்தக்கூடாது. அடுத்த ஸ்ரேசனில் முதல் வேலையாக அதைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்கும்வரை அந்த வண்டி இன்னும் வந்து சேரவில்லை என்றுதான் கணக்கு.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவரை எல்லோரும் ஸ்ரேசன் மாஸ்ரர் என்றே அழைத்தார்கள். தொண்ணூறில் வடக்கு ரயில் நின்றபோது, வன்னிக் காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன ஸ்ரேசனுக்கு அவர் பொறுப்பாக இருந்தார். பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் ஒவ்வொன்றாகப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் போயின. ஸ்ரேசன் போனது, பட்டம் போகவில்லை. அவரும் அதை விடுகிற எண்ணத்தில் இருக்கவில்லை. மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நின்ற காலத்தில் வெள்ளைக் காற்சட்டையும் கறுத்தச் சப்பாத்துமாகத்தான் வேலைக்கு வருவார். பொலிஷ் கிடைக்காததால் சப்பாத்தை வாழைப்பழத் தோலால் தேய்ப்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். அடக்கமான மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். பிழை பிடிப்பதில் மன்னன், புகழ்ந்தால் மறுக்கவும் மாட்டார்.

நாங்கள் இருவரும் வேலை செய்த இடம் ஒரு சிறிய தொண்டு நிறுவனம். யாழ் குடாநாட்டுச் சனம் போருக்குத் தப்பி நீரேரி கடந்து வன்னிக்கு வந்த பிறகு, யார் எங்கே இருக்கிறார்கள் என்பதே பெரிய கேள்வியாகிவிட்டது. புருசன் ஒரு பள்ளிக்கூடத்தில், மனைவி இன்னொரு கோயில் மடத்தில், பிள்ளை யாரோ ஒருவருடைய உழவு இயந்திரத்தில் என்று சிதறிப் போயிருந்தார்கள். வந்தவர்களின் பெயர், ஊர், இப்போது தங்கியிருக்கும் இடம் ஆகியவற்றைக் கணினியில் பதிந்து, தேடி வருகிறவர்களுக்குப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் வேலை. நானும் அந்தச் சனத்தோடு வந்தவள்தான். யாழ்ப்பாணத்தில் கணினி படித்திருந்ததால் இந்த வேலை கிடைத்தது. டோர்ச் பற்றரியைக்கூட இராணுவம் உள்ளே விடாத நாட்களில் இரண்டு கணினிகள் எப்படி அனுமதி பெற்று வவுனியா தாண்டின என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

ஒன்று துணுக்காயில், கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் ஒரு அறையில் இருந்தது. அதை மூத்தது என்போம். மற்றது புதுக்குடியிருப்பில் இருந்தது, அது இளையது. எல்லாப் பதிவும் மூத்ததில் நடக்கும். ஒன்று விட்டு ஒரு நாள் புதிய பதிவுகளை பிளொப்பியில் ஏற்றி சைக்கிளில் ஒருவர் கொண்டுபோவார். அங்கே ஒரு கணித ரீச்சர் அதை இளையதில் ஏற்றி, இரண்டையும் ஒரே மாதிரி வைத்திருப்பார். மூத்தது படுத்துவிட்டால் இளையது வேலையைத் தொடர வேண்டும். ஏற்பாட்டைப் போட்டவள் நான். மூத்தது அடிக்கடி படுக்கும் என்பது தெரிந்த விசயம். ஜெனரேற்றர் மண்ணெண்ணெயில் ஓடியது. அது இருமுகிறபோதெல்லாம் கணினியும் சேர்ந்து இருமும். வெயில் காலத்தில் பெட்டிக்குள் சிற்றெறும்பு குடிபோய்விடும்.

முதலாவது மாரியிலேயே என் ஏற்பாடு சறுக்கியது. வெள்ளத்தில் ரோட்டு மூழ்கி, சைக்கிள்காரர் போகவில்லை. மூத்தது படுத்துவிட்டது என்று எண்ணி ரீச்சர் இளையதில் எழுதத் தொடங்கினார். இங்கே மூத்தது நல்ல சுகமாக இருந்தது, நானும் எழுதிக்கொண்டிருந்தேன். வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், ஒரு குடும்பத்துக்கு இரண்டு இடம், ஒரே இலக்கத்துக்கு இரண்டு குடும்பம். கண்டாவளையிலிருந்து தன் தமையனைத் தேடி வந்த ஒருவர், துணுக்காயில் ஒரு பதிலும் புதுக்குடியிருப்பில் ஒரு பதிலும் வாங்கிக்கொண்டு, இரண்டு இடத்துக்கும் சைக்கிள் மிதித்துப்போய், இரண்டிலும் ஆளைக் காணாமல் வந்து இரண்டு பதிலையும் எழுதிக் கொடுத்த துண்டுகளை எங்கள் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். திட்டியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

ஸ்ரேசன் மாஸ்ரர் அன்று சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "தங்கச்சி, அங்காலை சத்தம் இல்லை எண்டால் ஆள் செத்துப்போச்சு எண்டு அர்த்தம் இல்லை. ஒரு லைனிலை ரெண்டு கோச்சியை விட்டிட்டு நிக்கிறம்."

அடுத்த நாள் வீட்டிலிருந்து இந்த வளையத்தைக் கொண்டுவந்தார். ஸ்ரேசனை விட்டு வரும்போது எடுத்துவந்த ஒரே பொருள் அதுதான் என்றார். நான் ஒரு சிவப்பு பிளொப்பியில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன். அந்த பிளொப்பி உள்ளே இருந்தால்தான் பதிவேடு எழுத விடும், இல்லாவிட்டால் வாசிக்க மட்டும் விடும். சிவப்பு பிளொப்பி தோல் பைக்குள் போனது. வளையம் இருக்கும் பக்கம் மட்டுமே எழுதலாம் என்பது சட்டமானது. சைக்கிள்காரர் வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து மாங்குளம் சந்தியில் சனம் சிரிக்குமாம். எனக்கு அந்தச் சட்டத்தில் குறை தெரியாமல் இல்லை. வளையம் வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். காத்திருப்பது என்றார். சனம் காத்திருக்குமா என்றேன். பிழையான இடத்துக்குப் போய் வருவதைவிடக் காத்திருப்பது நல்லது என்றார். எங்கள் சண்டை அதிலிருந்து ஓயவே இல்லை.

பிறகு, நான் பயந்தது நடந்தது. ஒரு நாள் மூத்ததின் மின்பெட்டி புகைந்தது. வளையத்தைப் புதுக்குடியிருப்புக்கு அனுப்பினோம், இளையது வேலையை ஏற்றுக்கொண்டது. வவுனியாவிலிருந்து புதிய மின்பெட்டி வந்து மூத்தது எழும்பியபோது, போர் நடுவழிக்கு வந்து ரோட்டு அடைபட்டு, ஆபத்தான காட்டுப் பாதை மட்டும்தான் மிஞ்சியது. வளையம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். மூத்தது பழைய பதிவுகளை வாசித்துக் காட்டும், புதிதாக ஒரு எழுத்தையும் ஏற்காது. இடம்பெயர்ந்த சனமோ நாளாந்தம் எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது.

அந்தப் பூட்டை எழுதியவள் நான்தான். திறக்க எனக்கு ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதும். ஸ்ரேசன் மாஸ்ரர் சம்மதிக்கவில்லை. ரீச்சர் அந்தப் பக்கம் எழுதிக்கொண்டிருப்பார், நாங்களும் எழுதினால் மறுபடி பழைய கதைதான் என்றார். பதிவேட்டைத் தொடாமல் வேறொரு பிளொப்பியில் தனியாகவாவது எழுதி வைப்போம் என்றேன். இரண்டாவது பதிவேடு எந்தப் பெயரில் இருந்தாலும் இரண்டாவது பதிவேடுதான் என்றார். புதிதாக வந்தவர்களை, வளையம் வந்ததும் கணினியில் ஏற்றவென்று காகிதத் துண்டுகளில் எழுதி, ஊர்வாரியாக பிஸ்கற் ரின்களில் போட்டு வைத்தார். தேடி வருகிறவர்களுக்குக் கணினியில் ஒரு தடவை, ரின்னில் ஒரு தடவை பார்த்துச் சொன்னோம். கணினி சொல்வது பழைய செய்தி என்று ஒவ்வொருவருக்கும் எச்சரித்தும் அனுப்பினோம்.

அந்த நாட்களில் ஒரு தாய் வந்தார். மலைநாட்டிலிருந்து கலவரத்துக்குத் தப்பி வந்து, கண்டாவளைப் பக்கம் வயல் வேலை செய்து வாழ்ந்த குடும்பம். மகள் வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சைக்காக வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரத்தில் கண்டாவளை இடம்பெயர்ந்தது. தாய் முதலில் விசுவமடுவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார், அப்படியே எங்கள் பதிவேட்டிலும் ஏறியிருந்தார். வவுனியாவிலிருந்து வருகிறவர்கள் துணுக்காய்ப் பக்கமாகத்தான் உள்ளே வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரோட்டு அடைபட முன்பே இந்தப் பக்கம் வந்துவிட்டார். புருசன் இல்லை. ஒரே மகள். "அவ வந்தா முதல்ல உங்ககிட்டதான கேப்பா. நான் இங்கன இருக்கேன்னு மட்டும் எழுதி வச்சிருங்கம்மா," என்றார். பகலில் யாருடையவோ தோட்டத்தில் வெங்காயம் கிளறப் போவார். பொழுது சாயும்போது வந்து என்னிடம் கேட்டுவிட்டுப் போவார்.

மகளும் வந்தாள். ஆனால் ஒரு மதிய நேரத்தில் வந்தாள். நான் சாப்பிடப் போயிருந்தேன், ஸ்ரேசன் மாஸ்ரர்தான் மேசையில் இருந்தார். மூத்தது தாயை விசுவமடுவில் காட்டியது. அவர் தன் முறைப்படி கண்டாவளை ரின்னையும் கிண்டிப் பார்த்தார். அதில் தாயின் துண்டு இல்லை. இது பழைய செய்தி, ஒரு நாள் நின்று பார் என்று சொல்லியும் இருக்கிறார். தாய் ஒரு இடத்தில் இருக்கிறாள் என்று கேட்ட பிள்ளை நிற்குமா? காட்டுப் பாதையால் கிழக்கே போகிற ஒரு கூட்டத்தோடு அப்போதே புறப்பட்டுவிட்டாள்.

பொழுது சாயத் தாய் வந்தபோது எல்லாம் வெளித்தது. துண்டு எங்கே என்று தேடினோம். அது மலைநாடு என்று எழுதிய ரின்னுக்குள் இருந்தது. எந்த ஊர் என்று நாங்கள் கேட்டபோது, அந்த அம்மா பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தைச் சொல்லியிருக்கிறார். கண்டாவளையில் எத்தனையோ போகம் நாற்று நட்டவர். ஆனாலும் ஊர் எது என்று கேட்டால், தான் பிறந்த தொழிலாளர் லயத்தைத்தான் அவர் வாய் சொன்னது. மகளுக்கு அந்த லயம் கண்ணால் கண்டறியாத இடம். அவளுக்கு ஊர் கண்டாவளை. கணினி என்றால் பெயரைக் கொடுத்துத் தேடியிருக்கும். ரின்னுக்கு ஊர் மட்டுமே தெரியும்.

நான் கோபத்தில் என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுதவில்லை. ஸ்ரேசன் மாஸ்ரர் அந்தத் துண்டை எடுத்துக் கண்டாவளை ரின்னுக்குள் மாற்றிப் போட்டார். அந்தத் தாய் அழுதபடியே சீலைத் தலைப்பை இடுப்பில் செருகி, மகளின் பின்னால் காட்டுக்குள் போகப் புறப்பட்டார். மாஸ்ரர் குறுக்கே வந்து நின்றார்.

"ரெண்டு பேரும் ஓடினால் சந்திக்கமாட்டியள் அம்மா. ஒராள் நிக்கவேணும். நீங்கள் நில்லுங்கோ. நான் போறன்."

ரயிலில் அதற்கும் ஒரு முறை உண்டாம். வில்லை தொலைந்தாலோ, கருவி பழுதானாலோ, ஒரு மனிதரையே வில்லையாக நியமிப்பார்கள். அவர் கையில் சிவப்புப் பட்டி கட்டியிருப்பார். அவர் ஏறியிருக்கும் வண்டி, அல்லது அவர் நேரில் நின்று அனுப்பும் வண்டி மட்டுமே அந்தத் துண்டுப் பாதையில் போகலாம். ஒரு ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்க முடியாது என்பதுதான் அதன் பலம். "வளையம் இல்லாட்டி மனுசன்தான் வளையம்," என்றார். ரின்களில் இருந்த துண்டுகள் எல்லாவற்றையும் தனி பிளொப்பியில் அடிக்க இப்போது அவரே சொன்னார். இருந்த மண்ணெண்ணெயில் முக்கால்வாசியை எரித்து அடித்து முடித்தேன். அதைப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோய், வளையம் இருக்கிற இளையதில் ஏற்றுவித்து, முழுப் பதிவேட்டையும் வளையத்தையும் இங்கே கொண்டுவருவதுதான் அவருடைய திட்டம். வழியில் அந்தப் பிள்ளையைத் தேடுவதும் அதில் அடக்கம்.

சிவப்புத் துணி அலுவலகத்தில் இல்லை. அந்தத் தாய் தன் சீலையின் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தார். சிவப்பில் மஞ்சள் புள்ளி போட்ட கரை. மாஸ்ரர் அதைக் கையில் கட்டிக்கொண்டு, சைக்கிளில் ஏறி, வாழைப்பழத் தோலால் தேய்த்த சப்பாத்தோடு காட்டுப் பாதையில் இறங்கினார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்தது. எங்களில் ஒருவரும் சிரிக்கவில்லை.

தாய் அன்றிலிருந்து தோட்டத்துக்குப் போகவில்லை. அலுவலக வாசலில் நின்ற பாலை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். நிற்கச் சொன்னார்கள், நின்றார். நான் மூத்ததின் முன்னால் இருந்து பழைய செய்திகளை வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். சனம் வந்து, கேட்டு, போனது. பூட்டைத் திறக்க எத்தனையோ தடவை நினைத்தேன். திறக்கவில்லை. மாஸ்ரரிடம் கொண்ட மரியாதையால் என்று சொல்ல ஆசைதான். அவர் புதுக்குடியிருப்பில் எழுதுவிக்கிற அதே நேரத்தில் நானும் எழுதிவிடுவேனோ என்ற பயம்தான் காரணம்.

அந்தப் பக்கம் நடந்ததை ரீச்சர் எனக்குப் பிற்பாடு சொன்னார். மாஸ்ரர் போய்ச் சேரும்போதே மலேரியாக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. பல்லுக் கிட்டியபடி கதிரையில் இருந்து, எல்லாத் துண்டுகளும் ஏறி முடியும்வரை எழும்பவில்லையாம். விசுவமடுவில் தாயைக் காணாத மகள், புதுக்குடியிருப்பு அலுவலகத்துக்கு வந்தபோது அவர் அங்கே ஒரு நீண்ட மர வாங்கில் படுத்திருந்தார். ரீச்சர் பெயரைத் தட்டிப் பார்த்து, தாய் துணுக்காயில் என்றார். மகள் நம்பவில்லை.

"உங்கடை கொம்பியூட்டர் முந்தியும் ஒரு இடம் சொன்னது. நான் நடந்து வந்து பாத்தன். அங்கை ஆள் இல்லை," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாளாம்.

மாஸ்ரர் வாங்கில் இருந்தபடியே கையை நீட்டினார். அவள் சிவப்புக் கரையைப் பார்த்தாள். கிட்ட வந்து மஞ்சள் புள்ளியைத் தொட்டாள். பிறகு அப்படியே நிலத்தில் குந்தி அழுதாள் என்று ரீச்சர் சொன்னார். அந்தக் காய்ச்சலோடு மாஸ்ரரால் சைக்கிள் ஏற முடியாது. வளையத்தை யாரிடம் கொடுப்பது என்று ரீச்சர் யோசித்தபோது அவர் அந்தப் பிள்ளையைக் காட்டினாராம். "இவள் கட்டாயம் போய்ச் சேருவாள். தாய் அங்கை நிக்கிறா." தன் கையிலிருந்த துணியை அவிழ்த்து வளையத்தில் தானே கட்டிவிட்டார்.

அவள் வந்தது நல்ல வெயில் நேரம். நான் யன்னலால் கண்டேன். ஒழுங்கையில் காட்டுப் பாதைக்காரர் சிலர் பிரிந்து போக, மெலிந்த ஒரு பெண், குறுக்காக வளையத்தை மாட்டிக்கொண்டு நடந்து வந்தாள். பாலை மரத்தடியில் இருந்த தாய் எழும்பினார். இரண்டு கையையும் நீட்டியபடி நின்றார். மகள் தாயைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கொஞ்சம் இரும்மா," என்று சொல்லி அவரைக் கடந்து உள்ளே வந்தாள். வளையத்தைத் தலைவழியாகக் கழற்றி என் இரண்டு கையிலும் வைத்தாள்.

"மாஸ்ரர் முதல் இதைக் குடுக்கச் சொன்னவர். இதைக் குடுக்குமட்டும் நான் வந்து சேரேல்லையாம்."

பிறகு வெளியே ஓடினாள்.

பையில் கூடவே வந்த முழுப் பதிவேட்டையும் மூத்ததில் ஏற்றிவிட்டு, சிவப்பு பிளொப்பியைப் போட்டேன். அது எழுத விட்டது. முதலில் அந்தத் தாயையும் மகளையும் ஒரே இடத்தில் பதிந்தேன். கண் மங்கியதால் இரண்டு தடவை பிழையாக அடித்துத் திருத்த வேண்டி வந்தது. துணி அவர்களுடையது என்பதால் அவிழ்த்துக் கொடுக்கப் போனேன். தாய் அதைத் தடவிப் பார்த்துவிட்டு என் கையைத் தள்ளினார். "அது அதுலயே இருக்கட்டும்மா. இன்னும் எத்தன பேரு தேடுறாங்க," என்றார்.

மாஸ்ரர் காய்ச்சல் மாறி, ரோட்டும் ஒருவாறு இளகிய பிறகு திரும்பி வந்தார். அரை ஆளாக மெலிந்திருந்தார். படியேறும்போதே, வளையம் வர முந்தி ஏதும் எழுதினீர்களா தங்கச்சி என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். தலையாட்டிவிட்டுத் தன் கதிரையைத் துடைத்தார். அவருடைய சட்டம் ஒரு பிள்ளையைக் காட்டுக்குள் அனுப்பியது, அதே சட்டம் அவளைத் திருப்பியும் கொண்டுவந்தது. இதில் எதை முன்னுக்கு வைப்பது என்று நாங்கள் பிறகும் பல நாள் சண்டை பிடித்திருக்கிறோம். ஒருவரும் வெல்லவில்லை. நான் கொழும்புக்கு வரும்போது வளையத்தைத் தந்தார். வன்னிக்கு ரயில் திரும்ப ஓடியதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

அண்மையில் ஒரு மதியம் எங்கள் அலுவலகத்தின் பிரதான கணினிச் சேவர் நின்றுபோனது. வேறொரு ஊரில் இருந்த மற்றது வேலையை எடுத்துக்கொண்டது. வெளியில் ஒருவருக்கும் தெரியவில்லை. எங்கள் பிள்ளைகள் கை தட்டினார்கள். அதில் ஒருத்தி, மற்றது உடனே எடுக்காமல் கொஞ்சம் தயங்கியது ஏன், அந்தத் தாமதத்தையும் வெட்டிவிடலாமே என்று கேட்டாள். முதலாவது உண்மையாகவே நின்றுவிட்டதா, சத்தம்தான் வரவில்லையா என்று அது பார்க்கிறது என்றேன். அவளுக்கு அது சப்பென்றிருந்திருக்க வேண்டும், திரும்பித் தன் திரையைப் பார்த்தாள்.

எல்லோரும் போன பிறகு வளையத்தை எடுத்துத் தூசி தட்டினேன். சீலைக் கரையில் சிவப்பு முழுதாகப் போய்விட்டது. முடிச்சுக்குள் மட்டும் ஒரு மஞ்சள் புள்ளி வெயில் படாமல் இருக்கிறது. அவிழ்க்கவில்லை, திரும்ப ஆணியில் மாட்டிவிட்டேன்.